ஓடுகிற வண்டி

பானெட்டைத் திறந்துவைத்து காளியண்ணன் குனிந்து நின்றார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனி இன்ஜின் மேல். கைப்பிடி அவர் காதில். உள்ளே எழும் சத்தத்தைக் கேட்கக் கண்களை மூடியிருந்தார்.

அவள் சற்றுத் தள்ளி நின்றாள். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் இருக்க, பட்டறைச் சுவரில் தொங்கிய பழைய டயர்களைப் பார்த்தாள்.

"உள்ளார தட்டுதுங்கண்ணா," என்றார் மெக்கானிக் ஜாபர். "பேரிங் முடிஞ்சுது. இதுக்கு மேல செலவு பண்றது வேஸ்ட்டுங்க."

நேற்று மாலை அவள் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள். ஒன்றுகூட மாறவில்லை.

பிக்கப் நாலு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. தோப்புகளிலிருந்து காங்கேயத்துக் கொப்பரைக் களங்களுக்குத் தேங்காய் ஏற்றியே தேய்ந்த வண்டி. கதவெல்லாம் துரு. பின்பலகையைக் கயிறுதான் பிடித்துக்கொண்டிருந்தது. அதைத் தள்ளிவிட்டு வேறு வாங்கச் சொல்லாத ஆளில்லை.

"ஓடற வண்டிய எதுக்குங்க விக்கறது?" என்று காளியண்ணன் திருப்பிக் கேட்பார்.

வீட்டில் அவர் பக்கம் நின்றது மகள் சுகந்தி ஒருத்திதான். அதுவும் போன வெள்ளிக்கிழமை வரைக்கும்.

அன்று அவள் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சாலையோரமாகப் புல்லுக்கட்டைச் சுமந்துகொண்டு ஒரு பெண் போனாள். அப்பா வண்டியை ஒதுக்கவில்லை. பக்கக் கண்ணாடி கட்டைத் தட்டிச் சரித்தது. இன்னும் ஒரு சாண் உள்ளே வந்திருந்தால் தலை.

அந்தப் பெண் போட்ட கூச்சல் வெகுதூரம் துரத்தி வந்தது.

"ஆரோ கத்தறாங்க பாரு," என்றார் அப்பா, நேரே சாலையைப் பார்த்தபடி.

அவருக்குக் கேட்டது. தெரியவில்லை.

மறுநாள் அப்பாவைச் சோதித்த கண் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நேரே இருப்பது தெரியும். ஓரங்கள் போய்விட்டன. போனது திரும்பாது. இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்லிக்கறேங்க."

சொல்லத்தான் போனாள், ஒவ்வொரு நாளும். அவர் சாவியை விரலில் சுழற்றியபடி வாசலிறங்குவார். அந்த விரலைப் பார்த்ததும் வாய் வராது. தனக்குத் தலைசுற்றுகிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட வாருங்கள் என்று சொல்லி ஒரு லோடைத் தட்டிக்கழித்தாள். அடுத்த லோடுக்குக் களத்துக்காரரிடமே பேசி, காய் வேண்டாம் என்று சொல்லவைத்தாள்.

பொய்கள் தீர்ந்துகொண்டிருந்தன.

உங்கள் கண் போய்விட்டது என்பதைவிட வண்டி போய்விட்டது என்பது எளிதாக இருந்தது.

ஜாபர் முதலில் மாட்டேன் என்றார். "தங்கமான இன்ஜினுங்க அது. இன்னும் ரெண்டு லட்சம் ஓடும். அண்ணன் மூஞ்சியப் பாத்து எப்பிடிங்க சொல்லுவேன்?"

அவள் புல்லுக்கட்டைப் பற்றிச் சொன்னாள். அதன்பிறகு, என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார்.

காளியண்ணன் ஸ்குரூ டிரைவரை வேறோர் இடத்தில் வைத்தார். பிறகு இன்னோர் இடம். பிறகு மறுபடி முதல் இடம்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே, ஜாபரு."

ஜாபர் பழந்துணியில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்பா நிமிர்ந்தார். தலையை முழுக்கத் திருப்பி அவளைத் தேடினார். கண்டுபிடித்தார்.

"உனக்குக் கேக்குதா அம்மிணி?"

இன்ஜின் ஒரு பிசிறில்லாமல் ஓடியது.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். பட்டறையில் வேறு யாரும் இல்லை. அவர் முகத்தில் கோபமும் இல்லை. அவள் என்ன சொன்னாலும் நம்புகிற முகம்.

"கேக்குதுங்கப்பா."

சண்டைக்கு வருவார் என்று நினைத்திருந்தாள். தாராபுரத்தில் வேறு பட்டறைக்குப் போகலாம் என்பார். அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள்.

அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

ஸ்குரூ டிரைவரை ஜாபரிடம் நீட்டினார். இன்ஜினை நிறுத்தச் சொன்னார். அது அடங்கிய பிறகும் மட்கார்டின் மேல் கையை வைத்தபடி நின்றார்.

"எத்தன நாளா உள்ளார அடிச்சுட்டுக் கெடந்துச்சோ. நான் பாட்டுக்கு லோடு ஏத்திட்டிருந்திருக்கேன்."

ஜாபர் எதையோ தேடுகிறவர்போல உள்ளே போய்விட்டார்.

"காது போயிருச்சு அம்மிணி. போனதுகூடத் தெரியல." சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "இனி எந்த வண்டியும் வேண்டாஞ் சாமி. காது கேக்காதவன் ரோட்டுல ஓட்டக் கூடாது."

அவள் வேண்டியதும் அதுதான். விரல்களை மூடிக்கொண்டாள்.

திரும்பும்போது அவர் அவளுடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். அவள் தோளை லேசாகப் பிடித்திருந்தார்.

பின்னால் வெகுதூரத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அவளுக்கே மெல்லத்தான் கேட்டது.

தோளிலிருந்த கை இறுகியது.

"அம்மிணி, ஆரன் அடிச்ச மாதிரி இருந்துச்சு. நெசமாவே அடிச்சாங்களா?"

அவள் ஓரங்கட்டி நிறுத்தினாள். பஸ் கடந்து போனது. புழுதி அடங்கும்வரை காத்திருந்தாள்.

பிறகு அவர் காதுப்பக்கம் திரும்பினாள்.

"அடிச்சாங்கப்பா," என்றாள், சத்தமாக.