பதினோராவது ஊசி

சிவப்பு மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டே மகள் அப்பாவிடம் கிழமை கேட்டாள்.

வியாழன் என்றார். கேட்காமலே தேதியையும் சொன்னார். அதோடு விட்டாரா? நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், கடைசியாகப் பழுது பார்த்த லிஃப்ட் எந்த மாடியில் நின்றுபோனது என்பதுவரை சொல்லிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே மனிதர், நீங்க யார் வீட்டுப் பொண்ணு என்று அவளிடமே மரியாதையாகக் கேட்டவர்.

வயசானால் அப்படித்தான் என்றார்கள் எல்லோரும். அவளும் நம்பினாள்.

அவளுக்கு வேலை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். ஊரில் பாதிப் பேருக்கு அவள்தான் ரத்தம் எடுத்திருக்கிறாள். சொந்த அப்பாவுக்கு எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அந்தக் கதைதான்.

கடைசியில் எடுத்ததும் அக்கறையால் அல்ல. புது மெஷினைச் சரிபார்க்க ஆளுக்கு ஒருவர் ரத்தம் கொண்டுவாருங்கள் என்றார் மேலாளர். அவள் கைக்கு அகப்பட்டவர் அப்பா.

வைட்டமின் பி-12 இருக்கவேண்டியதில் கால்வாசிகூட இல்லை. மெஷின் கோளாறு என்று மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

சர்க்கரைக்கும் நெஞ்செரிச்சலுக்கும் வருடக்கணக்காக விழுங்கிய மாத்திரைகள் அந்தச் சத்தை உடம்பில் சேரவிடவில்லை. பல் போனதிலிருந்து மூன்று வேளையும் டீயும் ரஸ்க்கும். சத்து வற்றி மூளை பட்டினி கிடந்திருக்கிறது. அதற்கு முதுமை என்று பெயர் வைத்துவிட்டு வீடே வேடிக்கை பார்த்திருக்கிறது. டாக்டர் ஊசி எழுதிக்கொடுத்தபோது அவர் முன்னாலேயே அழுதாள்.

ஊசி ஏற ஏற அப்பா கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தார். முதலில் செருப்பைச் சரியான காலில் போட்டார். பிறகு அவள் பெயரைச் சொன்னார். பிறகு பேச்சில் பழைய நக்கல்.

ஒன்று மட்டும் மாறவில்லை. தினமும் காலையில் அம்மா எங்கே என்று கேட்பார். சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள், நாளைக்கு வந்துவிடுவாள் என்பாள். சரி என்று முட்டையை உரிக்க ஆரம்பிப்பார்.

இன்று கேட்கவில்லை. முட்டை உரிக்காமல் தட்டிலேயே கிடந்தது.

மருந்தைச் செலுத்திவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினாள். அவள் கையின்மேல் அவர் தன் கையை வைத்தார்.

"ஏம்மா, உங்கம்மாவைத் தூக்கிட்டுப் போன அன்னைக்கு நான் அழுதேனா?"



ஏழு மாதத்துக்கு முந்தைய மத்தியானம் அது. அப்பா வாசலில் நின்று, வந்தவர்களையெல்லாம் சிரித்த முகமாக உள்ளே அழைத்தார். சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று கையைப் பிடித்தார். யாருக்குக் கல்யாணம் என்று அவள் காதோடு கேட்டார். இத்தனை பேர் வந்திருக்கும்போது உங்கம்மா எங்கே போய்த் தொலைந்தாள் என்று சலித்துக்கொண்டார். நாற்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளை எடுத்துக்கொண்டு போனபோது, அவர் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

அந்த மெஷின் ஒரு வருடம் முன்னால் வந்திருக்கக் கூடாதா? மெஷின் எதற்கு, அவள் கையில்தான் ஊசி இருந்ததே.

"அழுதீங்கப்பா. உங்களைத் தேத்தவே முடியலை."

அப்பா அவள் முகத்தையே பார்த்தார். சின்ன வயதிலிருந்து, அவள் பொய் சொன்னால் வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் உடனே தெரிந்துவிடும்.

அதுவும் திரும்பி வந்திருந்தது.