வீட்டுக்குள் வந்த விளம்பரம்

“அண்ணி, கொஞ்சம் இங்கிட்டு வாங்க. இதைத் தேடினது யாரு?”

கோபிநாத் தன் போனை நீட்டினான். அருணா குனிந்து பார்த்தாள். கிரிக்கெட் ஸ்கோருக்குக் கீழே மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி சிரித்துக்கொண்டிருந்தது. ‘மறுமணத்துக்கு வரன் தேடுகிறீர்களா? இலவசமாகப் பதியுங்கள்!’

“ஒங்க போன்ல வந்ததுக்கு என்னைக் கேட்டா எனக்கென்ன தெரியும் தம்பி?”

“ஸ்கோர் பாத்தாலும் வருது, நியூஸ் படிச்சாலும் வருது. எனக்கு மொதக் கல்யாணமே இன்னும் ஆகலை. இந்த வீட்டுல மறுமணம் யாருக்கு? அம்மா போயி ஏழு வருஷம் கழிச்சு, அப்பாவுக்கா?”

அருணாவுக்கு முகம் சுண்டிப் போனது. கணவன் பைக் விபத்தில் போய் நான்கு வருடம் ஆகிறது. கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கத்து கம்ப்யூட்டர் சென்டரில் கிடைத்த வேலைதான் அவளை மறுபடி எழுந்து நடமாட வைத்தது. கொழுந்தன் இப்படியொரு கேள்வி கேட்பான் என்று அவள் நினைத்ததே இல்லை.

முற்றத்தில் முந்திரிக்கொட்டையில் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்த மாமனார் மலையாண்டி தலையை நிமிர்த்தினார்.

“ஏத்தா, ஒருத்தர் போன்ல தேடினா இன்னொருத்தர் போன்ல எப்படி வரும்?”

“வரும் மாமா. நாம ஒரு பக்கத்தைத் திறந்தா, நமக்குத் தெரியாம நாலஞ்சு கம்பெனிக்காரன் கூடவே உள்ள வந்து உக்காந்துக்குவான். என்ன பாக்குறோம், எங்க இருந்து பாக்குறோம்னு குறிச்சுக்குவான். நம்ம மூணு போனும் ஒரே வைஃபை. ஒரே வீட்டு ஆளுங்கன்னு எல்லாருக்கும் ஒரே விளம்பரத்தைக் காட்டுவான்.”

“எல்லாருக்குமா?” மலையாண்டி கையிலிருந்த கொட்டையைக் கீழே போட்டார். “இது என்ன அநியாயமா இருக்கு!”

“சம்மதம்னு ஒரு பட்டன் வருமே, படிக்காமலே அமுக்குறோமே, அதான் மாமா அவங்களுக்கு வாசல். நான் அதை அமுக்குறதே இல்ல. என் போன்ல அந்த மாதிரி பின்னாடி வர்றதை எல்லாம் தடுத்து வச்சிருக்கேன். பாத்த பக்கமெல்லாம் அன்னன்னைக்கே அழிஞ்சிரும்.”

நல்லது சொல்லப் போய் வம்பில் மாட்டிக்கொண்டாள்.

“ஓ, அழிஞ்சிருமா?” கோபிநாத் பிடித்துக்கொண்டான். “இவ்வளவு வெவரம் தெரிஞ்சவங்க இந்த வீட்டுல வேற யாரு இருக்கா? ஒங்க போனைக் குடுங்க. பாத்துருவோம்.”

“மாட்டேன்.”

“ஏன்? மறைக்க ஏதாச்சும் இருக்கா?”

“மறைக்க ஒண்ணுமே இல்ல தம்பி. ஆனாலும் காட்ட மாட்டேன். இன்னைக்கு போனைக் கேப்பீங்க, நாளைக்கு கைப்பையைத் திறந்து காட்டச் சொல்லுவீங்க.”

“அப்ப நாளையிலேர்ந்து சென்டருக்குப் போக வேணாம். ஊருக்குள்ள நாலு பேருக்குத் தெரிஞ்சா நான் தலை நிமிந்து நடக்க முடியுமா?”

அருணாவின் கண் கலங்கியது. ஆனால் போனைப் பிடித்திருந்த கை இறங்கவில்லை. வேலை போனால் மறுபடி அந்த நான்கு சுவர்தான். அது தெரிந்தும் அவள் அசையாமல் நின்றாள்.

“அப்பா, நீங்களே கேட்டு வாங்குங்க. ஒங்க பேச்சைத் தட்ட மாட்டாங்க.”

மலையாண்டி எழுந்தார். வேட்டியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு நேராக மருமகளிடம் வந்தார். அருணா போனை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். மாமா கேட்டால் எப்படி மறுப்பது?

அவர் கேட்கவில்லை. மகன் பக்கம் திரும்பினார்.

“அவ போனைக் கேக்க ஒனக்கு யாருடா அதிகாரம் குடுத்தது? மறைக்க ஒண்ணும் இல்லைங்கிறா, ஆனா காட்ட மாட்டேங்கிறா. இப்படி நிமிந்து நிக்கிற பொம்பளை என் வீட்டுல இருக்கான்னு எனக்குப் பெருமையா இருக்குடா. தேடினது யாருன்னுதானே ஒனக்குத் தெரியணும்?” சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினார். “இந்தா. நாந்தான்.”

கோபிநாத் போனையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். “அப்பா... இந்த வயசுலயா?”

மலையாண்டி மீசையைத் தடவினார்.

“ஒங்களுக்கு எழுதப் படிக்கவே வராதேப்பா?”

“மைக்கு படத்தை அமுக்கிட்டுப் பேசினாப் போதும்னு நீதானே சொல்லிக்குடுத்த, முந்திரி வெலை கேக்குறதுக்கு? தோப்புல உக்காந்து பேசினேன். நடுவுல ஒரு நீலப் பட்டன் வந்துச்சு, அமுக்கினேன். இத்தனை பேரு ஒட்டுக் கேப்பான்னு நான் என்னத்தக் கண்டேன்?”

கோபிநாத் தலையில் அடித்துக்கொண்டு போனைத் திறந்தான். முந்திரி விலை. இன்னைக்கு மழை வருமா. அதற்குக் கீழே, கல்யாணத் தரகரிடம் பேசுவது போலவே அவர் போனிடம் பேசியிருந்தது எழுத்தாகிக் கிடந்தது. படிக்கப் படிக்க அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது.

“எங்க மருமகளுக்கு ஒரு நல்ல மாப்பிள்ளை வேணும், பையனுக்குக்கூட அப்புறம் பாத்துக்கலாம், அவளைக் கேட்டுட்டுத்தான் மேக்கொண்டு பேசுவேன், ஆனா அவ வேலைக்குப் போறதைத் தடுக்காத ஆளாப் பாத்துச் சொல்லு.”