எதிர்க்கடை

பள்ளி நூலக ஜன்னல் வழியே மகள் மெஹ்ரீன் வாய் ஓயாமல் பேசுவதைப் பார்த்த ஷாகுலுக்கு வயிறு எரிந்தது.

கையில் அவள் மறந்துவிட்டு வந்த டிபன் பாக்ஸ். அது சாக்கு. வீட்டில் 'ம்'மைத் தாண்டாத பெண், மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் லைப்ரரி மிஸ்ஸிடம் கதையளக்கிறாள் என்று மனைவி சொன்னதை நேரில் பார்க்கவே தாம்பரம் செருப்புக் கடையை மச்சானிடம் விட்டுவிட்டுப் பல்லாவரத்துக்கு ரயிலேறி வந்திருந்தான்.

ஷாகுலிடம் பேச்சுக்கா பஞ்சம்? கடைக்கு வந்தவர் வாயைத் திறந்தால் போதும், மீதியை இவனே சொல்லிச் செருப்புப் பெட்டியையும் கட்டிவிடுவான்.

மகளுக்கும் குறை வைக்கவில்லை. கம்ப்யூட்டர், இன்டர்நெட், போன ஞாயிறு வண்டலூர் ஜூவில் புலி.

எதிர்க்கடையாக முளைத்த இந்த லைப்ரரியிலோ நாலு பீரோ, முதுகு பிய்ந்த புத்தகங்கள், கடகடக்கும் ஃபேன். ஆனாலும் வாடிக்கை அங்கேதான் போகிறது.

கதவில் பெயர்ப்பலகை: அபிதகுஜாம்பாள், நூலகர்.

"இன்னா பேருப்பா இது! சொல்லி முடிக்கறதுக்குள்ள தாம்பரம் வண்டி பூடும்" என்றான் வாட்ச்மேனிடம்.

அப்படி என்ன பேசித்தான் மயக்குகிறாள்? செருப்பைக் கழற்றிவிட்டு, கதவோரம் ஒண்டிக் காதைக் கொடுத்தான்.

மிஸ் பேசவே இல்லை. கன்னத்தில் கைவைத்து மெஹ்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டலூர்ல மிஸ், அந்தப் பு... பு... பு..."

புலி. ஷாகுலுக்கு நாக்கு துடித்தது. கூட்டிப்போனது இவன், கதை கேட்பது அவளா? மகள் திக்கும்போதெல்லாம் மீதியைச் சொல்லிக் கொடுத்தே பழகிய வாய், பாதி திறந்தும்விட்டது.

மிஸ் அசையவில்லை. ஃபேன் கடகடத்தது.

"...புறா, மிஸ். புலி குடிக்கற தண்ணியில குளிச்சிட்டு, ஜாலியா பறந்து போச்சு."

ஷாகுல் அங்கே புறாவைப் பார்க்கவே இல்லை.

எத்தனை புறாவைப் புலியாக்கினோமோ!

"அத்தா!" மெஹ்ரீன் பார்த்துவிட்டாள். முகத்தில் பேச்சு அணைந்தது.

டிபன் பாக்ஸை நீட்டினான்.

"மிஸ் பேரு என்னம்மா?"

"அ... அ... அபி..."

பலகை கண்ணெதிரே இருந்தது. முழுப் பெயரும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான் ஷாகுல்.

தூரத்தில் தாம்பரம் வண்டி ஊதியது. போகட்டும்.