மலையேறிய சைக்கிள்

“உன் தலையில மூளை இருக்கா, கிரீஸ் இருக்கா? போன மாசம்தானே கியரைச் சரி பண்ணிக் கொடுத்தே! மறுபடியும் செயின் நழுவுது” என்று என் சைக்கிள் ரிப்பேர் கடை வாசலிலேயே கத்தினார், வாடிக்கையாக வரும் கம்பெனி மேனேஜர்.

அவர் மனைவி பின்னால் நின்றிருந்தார்.

சைக்கிளைத் தூக்கி ஸ்டாண்டில் மாட்டினேன்.

“நாளைக்கு ஆபீஸ்ல எனக்கு மாலை போட்டுப் பாராட்டு விழா. நூறு நாள் விடாம இந்த சைக்கிள்ல மலை உச்சிக்குப் போயிருக்கேன். தொப்பையை வளர்க்கிற உனக்கெல்லாம் அது எங்க புரியப் போகுது?”

எனக்குச் சுருக்கென்றது. பின்சக்கரத்தைத் துடைத்துக் காட்டினேன்.

“சார், மேடு ஏறணும்னா இந்தப் பெரிய பல்சக்கரம் வேணும். அது புதுசு மாதிரியே பளபளன்னு இருக்கு. வேகமா போறதுக்கான சின்னதுதான் மொட்டையா தேஞ்சு கிடக்கு. செயின் நழுவுறதும் அதுலதான். இந்த சைக்கிள் ஒரு மேடுகூட ஏறினதில்லை. யாருக்கு சார் காது குத்துறீங்க?”

“உச்சியில எடுத்த போட்டோ இருக்குய்யா!”

“பிரேக் கட்டையும் அடியோட தேஞ்சிருக்கு. அது ஏன்னுதான் எனக்குப் புரியல.”

பின்னால் நின்ற அவர் மனைவி, கையிலிருந்த கார் சாவியை ஆட்டினார்.

“இறங்குறப்ப பிரேக் பிடிக்காம முடியுமாப்பா? தினமும் சைக்கிளைக் கார் மேல கட்டி, இவரையும் ஏத்திக்கிட்டுப் போய் உச்சியில விடுறது நான்தான்.”

பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

“நாளைக்கு அந்த மாலையை என் காருக்குப் போடச் சொல்லுங்க.”