ஓட்டை இல்லாத தோல்

நாய் ஊரையே கூட்டியது.

ஓபிரி வந்துவிட்டான் என்று செர்வாவுக்குத் தெரிந்துவிட்டது. கணவனின் தம்பியான அவனைக் கண்டால் மட்டும் அந்த நாய்க்கு ஆகாது. எப்போதோ அதன் வாலை மிதித்துவிட்டான். மூன்று வருடமாகியும் அது மன்னிக்கவில்லை.

அடுத்த நொடி, சமையல் கொட்டகை வாசலில் தொப்பென்று ஒரு சாக்குப்பை விழுந்தது.

"அண்ணி, இன்னிக்கு உங்களுக்கு வாந்தி வராது பாருங்க! சாப்பாட்டுக்கு வந்துடறேன்."

சொல்லிவிட்டு கோகோத் தோப்புப் பக்கம் நடையைக் கட்டினான்.

செர்வா பையைக் கவிழ்த்தாள். அக்ராந்தி. பூனையைவிடப் பருத்த காட்டெலி. துடைப்பக் குச்சி போல மயிர். நீண்ட மஞ்சள் பற்கள். பாதி திறந்த வாயோரம் நுரை காய்ந்து கிடந்தது.

மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அவளுக்கு இது ஆறாம் மாதம். இதற்கு முன் தங்கிய இரண்டும் நாலாம் மாதத்தைத் தாண்டவில்லை. துறைமுக வேலைக்குப் போயிருக்கும் கணவன் தினமும் போனில் கேட்பது ஒரே கேள்விதான். உதைக்கிறதா?

உதைக்கிறது. அதனால்தான் இவ்வளவு பயம்.

உடம்பில் இரத்தம் போதவில்லை, இறைச்சி சாப்பிடு என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். காட்டு இறைச்சி என்றால் வெறுங்கையால் தொடாதே. சிவப்பு துளியும் தெரியாதபடி வேகவை. குண்டு பட்ட இடத்தைச் சுற்றி ஒரு கையகலம் வெட்டி எறிந்துவிடு, ஈயம் குழந்தைக்கு ஆகாது.

போன வாரம் எல்லாம் பார்த்துத்தான் சமைத்தாள். ஆனாலும் இரண்டாவது வாயில் கடுக்கென்றது. உள்ளங்கையில் துப்பினாள். கறுத்த ஈயக்குண்டு. அதை ஒட்டிக்கொண்டு நாலு மயிர், ஒரு துணுக்கு உறைந்த இரத்தம்.

குடலே வாய்க்கு வந்துவிட்டது போன்ற வாந்தி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓபிரியிடம் கத்தினாள்.

"குண்டு பட்ட கறியை இனிமே என் கண்ணுல காட்டாத! என் புள்ளையைக் கொல்லப் பாக்குறியா?"

அவன் தன் தட்டையும் தொடாமல் எழுந்து போய்விட்டான்.

இன்று இரண்டு கைகளிலும் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டாள். அக்ராந்தியை நெருப்பில் புரட்டினாள். மயிர் சுருண்டு பொசுங்கிய நாற்றம் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தோலைச் சுரண்டினாள். வயிற்றைக் கீறியதும் பச்சைக் கூழ் வழிந்தது. புளித்த புல்லின் வாடை. அதன் அடியில் வேறு ஏதோ காட்டமான நெடி.

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. குடலை அப்படியே வாரி நாயின் பக்கம் வீசினாள்.

ஃபூஃபூக் களிக்காக வெந்த கிழங்கு இடித்துக்கொண்டிருந்த நாத்தனார் அட்வோவா உலக்கையை நிறுத்தினாள்.

"ருசியே அந்தக் குடல்லதான் இருக்கு. அதை நாய்க்குப் போடுறா பாரு, மகாராணி!"

"நீங்களே போய் அதுகிட்ட கேட்டு வாங்கிக்கோங்க அண்ணி."

நாய் அதற்குள் தரையையும் நக்கி முடித்திருந்தது.

செர்வா தேட ஆரம்பித்தாள். தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தொடையைப் பிளந்து பார்த்தாள். விலா இடுக்கில், கழுத்தில், காதுக்குப் பின்னால் விரலால் அழுத்தித் தடவினாள்.

"அடியே, குண்டு தேடுறியா, பேன் பாக்குறியா?"

குண்டு இல்லை. ஓட்டை இல்லை. இரத்தக்கட்டு இல்லை. காலில் கண்ணிக் கம்பி அறுத்த தடம்கூட இல்லை. தூங்கும்போது தூக்கி வந்தது போல முழு உடம்பு.

இவ்வளவு சுத்தமான அக்ராந்தியை அவள் பார்த்ததே இல்லை.

மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவினாள். இஞ்சியும் வெங்காயமும் போட்டு இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டாள். பெரிய துண்டை வெளியே எடுத்து எலும்புவரை வெட்டிப் பார்த்தாள். சிவப்பு துளியும் இல்லை. பிறகுதான் செம்பனைக் கொட்டைச் சாற்றை ஊற்றினாள்.

உப்புப் பார்க்க ஒரு கரண்டி குடித்தாள்.

வாந்தி வரவில்லை. ஆறு மாதத்தில் முதல் முறையாக நாக்கில் எச்சில் ஊறியது. இன்னொரு கரண்டி குடித்தாள். இது உப்புக்காக அல்ல. பிறகு ஒரு சிறிய துண்டு. பஞ்சாக வெந்திருந்தது.

வயிற்றைத் தடவி, "உனக்கும் பிடிச்சிருக்கா?" என்றாள்.

தட்டில் பரிமாறியபோது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"என்ன அண்ணி, வாசனை தோப்புவரைக்கும் வருது!"

திடுக்கிட்டுத் திரும்பினாள். ஓபிரி. கைகழுவி, ஈரத்தை உதறிக்கொண்டு நின்றான். அவன் வந்ததே தெரியவில்லை. நாய் குரைக்கவில்லை.

வாசலைப் பார்த்தாள். நாய் வேலியோரமாகப் படுத்திருந்தது. கால்கள் நான்கும் விறைத்து நீண்டிருந்தன. வாயோரம் நுரை.

அவள் கையிலிருந்த கரண்டி நழுவியது.

"ஓபிரி... இதை எப்படிப் பிடிச்ச?"

அவன் முகம் பூரித்துப்போனது. போன வாரம் பட்ட வசவுக்கு இன்றுதான் பதில் வைத்திருந்தான்.

"குண்டு பட்டா புள்ளைக்கு ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் துப்பாக்கியைத் தொடவே இல்ல அண்ணி. கோகோவுக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக் கிழங்குல தடவி வச்சேன், தின்னுட்டுத் தானா படுத்துருச்சு!"