மந்திரிக்காத அறை

பெரியவர் வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

உள்ளே மருமகள். அவள் மடியில் பேரன்.

வாசலில் பங்குச் சாமியாரின் குரல் கேட்டது. கூடவே தீர்த்தச் செம்போடு அவருடைய உதவியாளரான உபதேசியார். ஈஸ்டர் பாஸ்கா முடிந்ததும் வீடு வீடாக வந்து செபம் சொல்லி மந்திரிப்பது வழக்கம். ஒவ்வோர் அறையாகத் தெளிப்பார்கள். தீர்த்தம் போவதற்கு முன்பே உபதேசியாரின் கண் உள்ளே போய்விடும்.

"சத்தம் போட்டான்னா வாயைப் பொத்து" என்று சொல்லித்தான் மருமகளை உள்ளே அனுப்பியிருந்தார்.

"எம்புட்டு நேரம் மாமா?" என்று மட்டும் கேட்டாள் ஜெசிந்தா.

அவர் கதவைச் சாத்தினார்.

வேட்டியை இறுக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, சாமியாரை வரவேற்றார். திருவிழாவுக்குக் கொடி எடுத்துக் கொடுக்கும் குடும்பம் இது. எட்டு வயதாகியும் கழுத்து நிற்காத, எச்சில் ஒழுகும் பிள்ளை இந்தக் குடும்பத்தில் கிடையாது. பேரன் அம்மாச்சி ஊரில் படிக்கிறான். ஊருக்கு அப்படித்தான் தெரியும். வரும் ஞாயிறு கடைசி மகளின் கல்யாணத்தை அறிவித்துக் கோயிலில் முதல் ஓலை வாசிக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கும் அப்படித்தான் தெரியும்.

கூடம். அடுப்படி. மகளின் அறை.

சாமியார் செபம் சொல்லச் சொல்ல, அவர் காது மட்டும் பின்னால் அந்தக் கதவிலேயே இருந்தது.

ஒரு முனகல் போதும். கல்யாணம் நின்றுவிடும்.

ஆண்டவரே, சத்தம் வரக் கூடாது.

வரவில்லை.

சாமியார் அந்தக் கதவின் முன்னால் வந்து நின்றார்.

"தட்டுமுட்டுச் சாமான், சாமி. உள்ள கால் வைக்க எடமில்ல."

உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார்.

சாமியார் சிரிக்காமல் சொன்னார்.

"போன வருசம் சாமான் இருமுச்சே, பெரியவரே."

கோபம்தான் முதலில் வந்தது. யார் வீட்டில் நின்றுகொண்டு யாரைக் கேட்கிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தார்.

எடுத்த வாய் அப்படியே நின்றது.

இன்று இருமவில்லை.

படுக்க வைத்தால் இருமுவான். கஞ்சி இறங்கினால் இருமுவான். சும்மா மூச்சு விட்டாலே தொண்டையில் ஒரு கரகரப்பு. தெருவுக்குக் கேட்டுவிடுமோ என்று அவர் ஜன்னலைச் சாத்தி வைக்கும் கரகரப்பு.

அதுவும் இல்லை.

ஒரு வளையல் சத்தம்கூட இல்லை.

"ஜெசிந்தா."

கதவைத் தட்டினார்.

"அம்மா, ஜெசிந்தா..."

அம்மா என்று அவளை அவர் அழைத்ததே இல்லை.

தாழ்ப்பாளில் விரல் வழுக்கியது. உபதேசியார் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும். இரண்டு கையாலும் இழுத்தார். இரும்பு கிறீச்சிட்டது. கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே இருட்டு.

அவர் கால் நகரவில்லை.

சாமியாரின் அங்கி நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க முன்னால போங்க, சாமி."