கடைசியாகத் தொட்டவர்

"இன்னும் ஒரே ஒரு வெர்ஷன், மேடம். அதுக்கப்புறம் நீங்களே தூக்கிடுங்க."

முசுடு கெஞ்சி அன்றைக்குத்தான் பார்த்தேன். எப்போதும் சிடுசிடுக்கிற மனுஷனுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. நேரில் 'சார்'தான்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்குள் நெட் வர ஓர் அட்டை இருக்கும். அதோடு பேசத் தெரிந்த புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். இருபது வருஷத்துக்கு முந்தைய ஓர் அட்டைக்கு முசுடு எழுதிய டிரைவரை எங்கள் ஆபரேட்டிங் சிஸ்டத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று கூட்டம்.

"தொண்ணூறு நாளா வெப்சைட்ல நோட்டீஸ் போட்டிருக்கோம். இந்த அட்டை வச்சிருக்கிறவங்க மெயில் பண்ணுங்கன்னு. ஒரு மெயில் வரல," என்றார் எங்கள் மேனேஜர் மேடம்.

"மெயில் பண்ண முடியாதவங்க இருக்கலாம்."

"இந்தக் காலத்துல அப்படி யாரு சார் இருக்காங்க?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் அடக்கி வாசித்திருக்கலாம்தான். ஆனால் மேடம் கண்ணில் பட வேண்டுமே. போன வெர்ஷனுக்கு நானூறு புரோகிராம் ஃபைல்களில் பழைய வரிகளைத் திருத்தி, ஒரே வாரத்தில் தூசி தட்டிக் கொடுத்தவன். இந்த மாதம் வேலை நிரந்தரமாக வேண்டும். மனைவிக்கு எட்டாம் மாதம். 'ஒரு தப்பு வந்தாலும் வீட்டுக்குப் போகலாம்' என்று சேரும்போதே சொல்லியிருந்தார்கள்.

"ஏன் சார் இவ்வளவு பிடிவாதம்? அதுல ஏதாவது கோளாறா?" மேடம் விடவில்லை.

முசுடு என்னைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார்.

"ஆமா. போன வெர்ஷன்ல ஒரு வரி தப்பாப் போச்சு. திருத்தித் தர்றேன். அது ஜனங்க கைக்குப் போய்ச் சேரணும்."

"யார் பண்ணின தப்பு?"

"என்னோடதுதான்."

அவ்வளவுதான். யாரும் எதையும் திறந்துகூடப் பார்க்கவில்லை. டிரைவரைத் தூக்கும் வேலை எனக்கு வந்தது. முசுடுவை அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள்.

கிளம்பும்போது என் மேஜைப் பக்கம் வந்தார். "குழந்தை பிறந்தா ஒரு வார்த்தை சொல்லுப்பா."

இதற்கொன்றும் குறைச்சலில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ரிசப்ஷனிலிருந்து ஒரு கட்டு வந்தது. காகிதத்தில் கையால் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டிய கடிதங்கள். பதினொன்று.

முதல் கடிதம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி நர்ஸ் எழுதியது.

'எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். டவுனில் இருக்கும் பெரிய டாக்டர் அதில்தான், வீடியோவில், நோயாளிகளைப் பார்ப்பார். உங்கள் புது வெர்ஷன் போட்டதிலிருந்து நெட் வரவில்லை. மூன்று மாதமாக எல்லாரையும் பஸ்ஸில் ஐந்து மணி நேரம் அனுப்புகிறோம். சிலரால் அந்தப் பயணத்தைத் தாங்க முடியவில்லை. நெட் இல்லாததால் மெயில் அனுப்ப வழியில்லை. உங்கள் முகவரி கிடைக்க இத்தனை நாளாகிவிட்டது. மன்னிக்கவும்.'

மற்றப் பத்தும் கிட்டத்தட்ட இதே கதைதான். மேடம் பதினொன்றையும் படித்து முடித்தார்.

"டிரைவரைத் திரும்பச் சேருங்க. எந்த வரின்னு பார்த்துச் சரிபண்ணுங்க."

பழைய ஃபைலை எடுத்தேன். எங்கள் வேலையில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயரும் தேதியும் இருக்கும். கோளாறான வரியைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நான் தூசி தட்டிய அதே வாரத்துத் தேதி. பக்கத்தில் என் பெயர்.

முசுடுவின் நம்பர் என் போனில்தான் இருந்தது.

"யார் தொட்ட வரி அது?"

மேடம் வாசலில் நின்றிருந்தார். கையில் என் நிரந்தர வேலைக்கான ஆர்டர்.

திரையை மூடினேன்.

"அவர்தான் அன்னிக்கே ஒத்துக்கிட்டாரே, மேடம்."